கழுத்தில் எண்ணெய் கூடாது

எங்கள் ஆஸ்பத்திரியின் டீப் எக்ஸ்ரே மெஷினைப் போன மாதம் கழற்றி, துண்டு துண்டாக லாரியில் ஏற்றிவிட்டார்கள். புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை, ஊர்ப் பேச்சில் 'கரண்டு', வைத்துக்கொள்ள வேண்டியவர்கள் இனி தென்காசியிலிருந்து ரயிலேறிப் பெரிய ஊருக்குப் போக வேண்டும். அங்கே இன்னும் ஆழமாகக் கதிர் பாய்ச்சும் கோபால்ட் மெஷின் வந்துவிட்டது. எனக்குப் பின் அந்த அறையைப் பார்த்துக்கொண்ட மெர்சிக்கும் அங்கேயே வேலை கிடைத்திருக்கிறது. புறப்படுமுன் சொல்லிக்கொள்ள வந்தவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"அக்கா, ஆண்டவர் மேல விசுவாசம் இருந்தா கரண்டு எதுக்குன்னு சொந்தக்காரங்க கேக்குறாங்களே, நீங்க என்ன பதில் சொல்லுவீங்க?"

நான் பதில் சொன்னதே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கோடு போட்டேன், அவ்வளவுதான் என்றேன். அப்படியானால் கோடு போட்ட கதையையாவது எழுதிக் கொடுங்கள், செவிலியர் சங்க மலரில் போடலாம் என்றாள். மலருக்குக் கட்டுரை கேட்பவர்கள் எப்போதும் மனம் குளிரும்படி ஏதாவது எதிர்பார்ப்பார்கள். எனக்கு அந்த வேலையில் மனம் குளிர்ந்த நாட்கள் குறைவு. எரிச்சல் பட்ட நாட்களே அதிகம். அதைத்தான் எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற்றவள் என்றால் பார்ப்பவர்கள் நம்புவதில்லை. தலையில் இன்னும் நரை விழவில்லை. வேலையை விட்ட காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். சென்னையில் இரண்டு வருடம் எக்ஸ்ரே டெக்னீஷியன் படிப்பு. அங்கே கற்றதில் கடைசிவரை தேவைப்பட்டவை: ஈயத் தகட்டை அளவாக வெட்டுவது, மெஷினின் மீட்டர் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருப்பது, நோயாளியின் உறவினரைக் கதவுக்கு வெளியே நிறுத்துவது. மூன்றாவதில் நான் தேறவே இல்லை.

வேலை இதுதான். கட்டி எங்கே இருக்கிறது, கதிர் எந்த இடத்தில் விழ வேண்டும் என்று பெரிய டாக்டர் முடிவு செய்வார். அந்த இடத்தைச் சுற்றி நோயாளியின் தோலில் கத்தரிப்பூ நிற மருந்தால், ஜென்ஷியன் வயலட்டால், கோடு போட வேண்டும். தீக்குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, தொட்டு, உதறி, வரைய வேண்டும். மருந்து அதிகமானால் வழிந்து கோடு தடித்துவிடும். காய்ந்ததும் கோட்டுக்கு வெளியே உள்ள இடத்தையெல்லாம் ஈயத் தகட்டால் மூடி, மெஷினின் வாயை நடுவில் பொருத்தி, நோயாளியைத் தனியே விட்டுவிட்டு நாங்கள் வெளியே வந்து, தடித்த ஈயக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நிற்போம். வாரத்தில் ஞாயிறு தவிர எல்லா நாளும், வாரக்கணக்கில். ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் விழ வேண்டும். அரை விரல் தள்ளி விழுந்தால் நோய் தப்பும். நல்ல தோல் வேகும். பாதியில் நிறுத்தினால் அதைவிட மோசம். வெந்த இடத்தில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க முடியாது. பாதி செத்த கட்டி மட்டும் மீண்டும் முளைத்துக்கொள்ளும்.

ஆகவே அந்தக் கோடு அழியக் கூடாது. முதல் நாளே ஒவ்வொருவரிடமும் சொல்லுவேன்: கோட்டின் மேல் தண்ணீர் கூடாது, சோப்பு கூடாது, பவுடர் கூடாது, சங்கிலி உரசக் கூடாது, எண்ணெய் கூடவே கூடாது. சொல்லிவிட்டு, சொன்னதை அவர்களையே திருப்பிச் சொல்ல வைப்பேன். எல்லாரும் அழகாகத் திருப்பிச் சொல்லுவார்கள்.

மற்ற ஊர்களில் இது எப்படி நடந்ததோ தெரியாது. தென்காசியில் ஆனி பிறந்தால் ஊரே ஈரம். குற்றாலத்தில் சீசன். எங்கிருந்தெல்லாமோ கார் போட்டுக்கொண்டு வந்து, உடம்பெல்லாம் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு அருவிக்குக் கீழே நிற்பார்கள். சாரல் அடித்தால் எல்லார் முகத்திலும் சிரிப்பு. எனக்கு மட்டும் வயிறு எரியும். ஈரக்காற்றில் மெஷினின் கேபிளில் பொறி தட்டும். காற்றைக் காய வைக்க அறை மூலையில் கரியடுப்பு வைத்துக்கொண்டு, அதன் புகையில் இருமிக்கொண்டு, வேலை செய்வோம். கோடுகள் தாமாகவே கசியும். ஒருமுறை வாசுதேவநல்லூர்க்காரர் ஒருவரை அவருடைய மருமக்கள் நடு சிகிச்சையில் பேரருவிக்குக் கூட்டிப்போய், நெஞ்சில் ஒரு கோடு மிச்சமில்லாமல் கொண்டுவந்து நிறுத்தினார்கள். "இம்புட்டுத் தூரம் வந்துட்டு ஒரு குளி குளிக்காமப் போனா எப்பிடிம்மா? ஒடம்புச் சூடு தணியும்லா?" என்று என்னையே கேட்டார்கள்.

இதையெல்லாம் நான் பெரிய டாக்டரிடம் போய்ப் பொரிவேன். அவர் பெயர் சுந்தரராஜ். எவ்வளவு கோபம் வந்தாலும் குரலை உயர்த்த மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். கோபம் போகும்வரை துடைப்பார். பிறகு மாட்டிக்கொண்டு, "மறுபடி அளந்து பாரம்மா" என்பார். கோடு அழிந்தாலும் இதுதான், அழியாவிட்டாலும் இதுதான். நான் சரியாக அளந்திருக்கிறேன் என்று தெரிந்தே சொல்லுவார். அந்த மூன்று சொல்லைக் கேட்டு எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சமல்ல. ஆனால் மறுபடி அளந்தேன்.

இனி ரெபேக்காள் அக்காவைப் பற்றி.

கேரள எல்லையில் புளியறை செக் போஸ்ட்டுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. லாரிக்காரர்களுக்குச் சோறு, மீன்குழம்பு, பாலில்லாத கட்டன் சாயா. அதட்டிச் சோறு போட்டுப் பழகிய குரல். வெற்றிலையும் புகையிலையும் எந்நேரமும் ஒரு பக்கக் கன்னத்தில் அடங்கியிருக்கும். அந்தக் கன்னத்தில்தான் புண் வந்தது. முதல் தடவை கன்னத்துக்குக் கரண்டு வைத்தோம். அதற்கு முன்னால் அந்தப் பக்கத்துப் பற்களையெல்லாம் பிடுங்க வேண்டியிருந்தது. புண் ஆறியது. புகையிலையை விட்டார். அடுத்த வருடமே கழுத்தில், தாடைக்குக் கீழே, நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. இரண்டாவது தடவை என் அறைக்கு வந்தபோது அவர் சொன்ன முதல் வார்த்தை இன்னும் நினைவிருக்கிறது.

"என்னட்டி, நீ இன்னும் இங்கனயேதான் இருக்கியா? கல்யாணம் காச்சி ஒண்ணும் ஆகலியா?"

கழுத்து என்பது கோடு போட மகா மோசமான இடம். மடிப்பு, வியர்வை, சேலைத் தலைப்பு, சங்கிலி. அதோடு அவர் தினமும் புளியறையிலிருந்து செங்கோட்டை வழியாகச் சாரலில் நனைந்துகொண்டு முதல் பஸ்ஸில் வரவேண்டும். வார்டில் தங்கச் சொன்னால் கடையை யார் பார்ப்பது என்பார். குடை பிடித்தால் பஸ் ஜன்னல் வழியே சாரல். மெழுகுத் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தால் உள்ளே வியர்த்து, கோடெல்லாம் துணிக்குப் போயிருக்கும்.

இதற்கெல்லாம் மேல், அவர் பாடுவார். கண்ணாடிக்கு வெளியே நான் முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது உள்ளே கழுத்து ஏறி இறங்கும். கீர்த்தனை! மெஷினை நிறுத்திவிட்டு உள்ளே ஓடுவேன்.

"அக்கா, அசையக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? வாயைத் திறக்காம ஜெபிக்க முடியாதா?"

"முடியும் தாயி. ஆனா அவருக்குக் கேக்கணும்லா? ஒம் மெசினு போடுத சத்தம் அப்பிடி."

அதன்பின் பாடுவதை நிறுத்தினார். உதடு மட்டும் அசையும். அதற்கும் நான் போய்ச் சொன்னேன். உதட்டையும் நிறுத்தினார். "ஏட்டி, இப்போ நெனப்புல சொல்லுதேன். அதுக்கும் கோடு அழியும்னு சொல்லிராத" என்றார்.

நானும் எங்கள் பக்கத்தில் கோயில் என்று சொல்லும் தேவாலயத்துக்குப் போகிறவள்தான். காலையில் ஜெபித்துவிட்டுத்தான் மெஷினில் கை வைப்பேன். ஆனால் அதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. ரெபேக்காள் அக்காவோ பஸ் கண்டக்டர் முதல் கம்பவுண்டர் வரை எல்லாரிடமும் ஆண்டவரைப் பற்றி, பக்கத்துக் கடைக்காரரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார். "நேத்து ராத்திரி நல்லா வஞ்சிட்டேன் அவர. கன்னத்துல தந்தது போதாதான்னு கேட்டேன்" என்பார். வைத பிறகு என்ன செய்தீர்கள் என்றால், "வேற யாரு இருக்கா? அவர்ட்டயே காலைல பஸ்ஸு கெடைக்கணும்னு கேட்டேன்" என்பார்.

இரண்டாவது சிகிச்சை பாதி தாண்டியபோது, ஒரு திங்கட்கிழமை காலை, அவர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை விலக்கினார். கழுத்து பளபளவென்று மின்னியது. தாடையிலிருந்து தோள்பட்டைவரை எண்ணெய். கோடு என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை. கத்தரிப்பூ நிறம் எண்ணெயில் கரைந்து ரவிக்கையெல்லாம் இறங்கியிருந்தது. ஏற்கெனவே கதிர் பட்டுச் சிவந்திருந்த தோல் கொப்புளத்துக்குத் தயாராக இருந்தது.

"உபதேசியார் வந்தாவ. சபையில எல்லாரும் உபவாசம் இருந்து, எண்ணெ பூசி ஜெபிச்சாவ. நான் எப்பிடி வேண்டாம்னு சொல்ல?"

அவர் குரல் தாழ்ந்து அன்றுதான் கேட்டேன். பேசினால் கத்தியிருப்பேன். நேராக டாக்டரிடம் போனேன். அவர் வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். நெடுநேரம் துடைத்தார். அன்று கரண்டு வைக்கவில்லை. தோல் அடங்கட்டும் என்றார். புளியறைச் சபையில் ஆராதனை நடத்தும் உபதேசியாரை அழைத்து வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

மறுநாள் அவர் வந்தார். ஞானமுத்து என்று பெயர். கையில் குடை, கக்கத்தில் பை, சண்டைக்கு வந்தவர் முகம். டாக்டர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, எனக்கு வேண்டிய அளவுக்கு அவரைத் திட்டாமல், மிகச் சாதாரணமாகக் கேட்டார்.

"எண்ணெய் எந்த இடத்தில் பூச வேண்டும் என்று வேதத்தில் சொல்லியிருக்கிறதா?"

உபதேசியார் யோசித்தார். "பூசி ஜெபிக்கணும்னுதான் இருக்கு. எங்கனன்னு இல்ல."

"அப்படியானால் நெற்றியில் பூசலாமே."

"சீக்கு கழுத்துலல்லா டாக்டரே இருக்கு?"

"அது அவருக்குத் தெரியாதா?" என்று மேலே கையைக் காட்டினார் டாக்டர்.

உபதேசியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கப் பையைத் திறந்து மூடினார். சரி, இனி நெற்றியில்தான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் எழுந்து போகவில்லை. விஷயம் எண்ணெயில் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

வருகிற ஞாயிறு அவர்கள் கோயில் பண்டிகை, அசனம். சபையார் எல்லாரும் அரிசியும் ஆடும் போட்டு, கோயில் வளாகத்தில் சமைத்து, சாதி பார்க்காமல் ஊர் முழுவதையும் உட்கார வைத்துச் சாப்பாடு போடுகிற நாள். அன்றைய ஆராதனையில் ரெபேக்காள் சாட்சி சொல்ல வேண்டும், கர்த்தர் குணமாக்கினார் என்று. முதல் தடவை கன்னம் ஆறியபோதே சொல்லியிருக்க வேண்டியது. சொல்லாததால்தான் கழுத்தில் வந்தது என்று சபையில் சிலர் பேசுகிறார்கள்.

"கட்டி இன்னும் கரையலையே" என்றேன் நான்.

"விசுவாசம்னா கரையறதுக்கு முந்தியே சொல்லுததுதாம்மா. அப்பொறம் சாட்சி சொன்னவ மறுநாளே கரண்டு வைக்க பஸ் ஏறினா ஊரு சிரிக்காதா? ஒண்ணு அவரு குணமாக்கினாருன்னு இருக்கணும், இல்ல மெசினு குணமாக்கிச்சுன்னு இருக்கணும்."

ரெபேக்காள் அக்கா அறை வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் அவரைப் பார்த்து, பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை ஒளிக்காமல் சொன்னார். வாரம் முடியும்வரை வந்துவிட்டு, அடுத்த திங்கள் வருவதும் வராததும் உங்கள் விருப்பம் என்றார். அந்த வாரம் முழுவதும் ரெபேக்காள் அக்கா என்னைக் கல்யாணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை புறப்படும்போது சொன்னார். "சொல்லலன்னா விசுவாசமில்லாதவம்பாவ. எனக்குன்னு இருக்கது அந்தச் சபைதான். செத்தா தூக்கிப் போடுததும் அவியதான். சொன்னா ஒங்கிட்ட வரமுடியாது. நாளைக்கு நீ அசனத்துக்கு வாட்டி. சும்மா வந்து சாப்பிட்டுட்டுப் போ."

என்ன முடிவு செய்தீர்கள் என்று கேட்டேன். "சாரமில்ல, வா" என்றார். எல்லைப்புறத்தில் இருப்பவர்களுக்கு அது பழகிய மலையாள வார்த்தை: பரவாயில்லை. எனக்கு அப்படிப் பரவாயில்லை என்று இருக்க முடியவில்லை. போனேன்.

கோயில் வளாகத்தில், கீற்றுப் பந்தலுக்குக் கீழே, பெரிய அண்டாக்களில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. சமைப்பது ஆண்கள், அதட்டுவது ரெபேக்காள் அக்கா. கழுத்தில் சேலைத் தலைப்பைத் தளர்வாகச் சுற்றியிருந்தார். கதிர் பட்ட வாயில் காரம் வைக்க முடியாது. நாக்கில் ருசியும் இல்லை. என்னைப் பார்த்ததும் கரண்டியில் குழம்பை எடுத்து நீட்டினார்.

"உப்பு பாரு. எனக்கு நாக்கு இல்ல, ஒன் நாக்க கொஞ்சம் தா."

கொஞ்சம் குறைவு என்றேன். "ஏலே, கேட்டியளா? ஆஸ்பத்திரிப் புள்ள சொல்லுதா. போடுங்க ஒரு கை" என்று சத்தம் போட்டார். அவர்கள் போட்டார்கள்.

ஆராதனையில் உபதேசியார் அவர் பெயரைச் சொல்லி அழைத்தார். அவர் எழுந்து முன்னால் போய் நின்றார். கோயில் கொள்ளாத கூட்டம். வெளியே சாரல். ரெபேக்காள் அக்கா சேலைத் தலைப்பைக் கழுத்திலிருந்து எடுத்தார். நான் முந்தின நாள் போட்ட கத்தரிப்பூ நிறக் கோடு, நாலு பக்கமும், எல்லாருக்கும் தெரிந்தது.

"இது நேத்து அந்தப் புள்ள போட்ட கோடு" என்று என்னைக் காட்டினார். எனக்குத் தலையைக் குனிந்துகொள்ளத் தோன்றியது. "உள்ள கட்டி இருக்கு. குணமாயிட்டுன்னு நான் சொல்ல மாட்டேன், கோயில்ல நின்னு பொய் சொல்லக் கூடாது. குணமாகாதுன்னும் சொல்ல மாட்டேன், அது எனக்குத் தெரியாது. ராத்திரி பயமாத்தான் இருக்கு. அழுதிட்டுத்தான் கெடக்கேன். ஆனா விடிஞ்சா எந்திரிச்சு பஸ்ஸுக்கு வந்துருதேன். நான் அப்பிடிப்பட்ட தைரியசாலி இல்ல, ஒங்க எல்லாருக்கும் தெரியும். பல்லு புடுங்க வந்த அன்னைக்கு ஓடிப்போயி ரயிலடியில ஒளிஞ்சவ நானு. அப்பொறம் யாரு என்னைய எழுப்பி பஸ்ஸு ஏத்தி விடுதா? அவருதான். நாளைக்கும் ஏத்தி விடணும்னு ஜெபம் பண்ணுங்க. சாட்சி இம்புட்டுத்தான்."

போய் உட்கார்ந்துவிட்டார். உபதேசியார் ஞானமுத்து தொண்டையைச் செருமினார். பாட்டு எண்ணைச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர், "நாளைக்கு முதல் பஸ்ஸுக்காக ஜெபிப்போம்" என்றார். பஸ்ஸுக்காக ஒரு சபை முழங்காலிட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

இங்கே முடித்தால் மலருக்குப் பொருத்தமாக இருக்கும். ஆனால் மறுநாள் காலை நடந்ததையும் எழுதியாக வேண்டும். ரெபேக்காள் அக்கா முதல் பஸ்ஸில் வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து கழுத்தைக் காட்டினார். கோடு இல்லை. அசனம் முடிந்ததும் சபைப் பெண்கள் அத்தனை பேரும் வரிசையாக வந்து, கறி சாப்பிட்ட கையோடு, கழுத்தில் கை வைத்து ஜெபித்திருக்கிறார்கள்.

"எண்ணெ யாரும் பூசலட்டி" என்றார். "ஆட்டுக்கொழுப்புதான்."

நான் பஞ்சைச் சுற்றினேன். டாக்டர் எட்டிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைக்கக்கூட இல்லை. "மறுபடி அளந்து பாரம்மா" என்றார்.

கட்டி அந்தத் தடவை கரைந்தது. பிறகு மறுபக்கத்தில் வந்தது. அதைக் கத்தி வைத்து எடுத்தார்கள். இப்போதும் அவர் சிகிச்சையில்தான் இருக்கிறார். மெர்சி வேலை செய்யப்போகிற அதே கோபால்ட் மெஷினுக்கு அவரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பஸ் ஜெபம் இப்போது ரயில் ஜெபமாகியிருக்கிறது என்று கேள்வி.

நான் வேலையை விட்ட காரணத்தைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? கதிர் அறையில் இருப்பவர்களுக்கு அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். என் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துகொண்டே வந்தன. மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். அதே கதை. டாக்டர் சுந்தரராஜ் என்னைக் கூப்பிட்டு, இனி அந்த அறைப் பக்கம் வரக் கூடாது என்றார். நான் அவரிடம், மறுபடி அளந்து பாருங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

கடைசி நாள் மெர்சியிடம் சாவியைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது ரெபேக்காள் அக்கா வந்தார். அவருக்கு அன்று சிகிச்சை கிடையாது. மடியிலிருந்து ஒரு சிறு குப்பியை எடுத்தார். தேங்காயெண்ணெய். எனக்குப் பூச உபதேசியார் ஜெபித்துக் கொடுத்தாராம்.

"நெற்றியில் போதும் அக்கா" என்றேன்.

"ஏன்? ஒங் கழுத்துலதான் ஒரு கோடும் இல்லையே" என்றார். உள்ளங்கை நிறைய எண்ணெயை ஊற்றிக்கொண்டார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் தேடினேன். வேலை சம்பந்தமாக ஒன்றும் இல்லை. சேலைத் தலைப்பை விலக்கிக் கழுத்தைக் காட்டினேன்.